தேங்காய்ப்பால் தகடு ஏன் உடைகிறது

தேங்காய்ப்பால் தகடு சில நாள் உடைந்தது, சில நாள் உடையவில்லை. ஏன் என்று எனக்குப் பல வாரங்கள் புரியவில்லை. நடந்ததெல்லாம் இந்தச் சின்னக் கேள்வியில்தான் தொடங்கியது, ஐயா. முதலிலிருந்து உன் போக்கிலேயே சொல் என்றீர்கள். என் போக்கு கொஞ்சம் நீளமானது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொன்ன பிறகுதான், அதனால் என்ன ஆனது என்று எனக்குச் சொல்ல வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுகுமாரன். ஈப்போ பழைய டவுனில் 'பெரட்டு' என்ற உணவகத்தில் வேலை. ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள், அதுதான் பெரட்டு. எங்கள் முதலாளி சிவாஜினி அந்தப் பெயரையே உணவகத்துக்கு வைத்தார். அவருடைய பாட்டனார் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். சிவாஜினி வெளிநாட்டுச் சமையலறைகளில் பல வருஷம் நின்று கற்றுக்கொண்டு வந்து, இரண்டு பழைய கடைவீடுகளின் நடுச்சுவரை எடுத்துவிட்டு ஐந்து மேசை போட்டார். எங்கள் கடையில் என்ன வேண்டும் என்று யாரையும் கேட்பதில்லை. உட்கார்ந்தால் ஒன்பது தட்டு வரும். தோட்டத்தில் ஒரு நாள் எப்படிப் போகுமோ அதே வரிசை. மரத்தில் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் கோப்பி மணக்கும் ஒரு மடக்குச் சாறு முதலில் வரும். பிறகு மரவள்ளிக்கிழங்கு, ஆற்று மீன், தூக்குச்சட்டிச் சோறு என்று போய், கடைசியில் கள்ளில் செய்த இனிப்பில் முடியும். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இதற்கென்றே கார் ஓட்டி வருவார்கள்.

என் வேலை விளக்கம் சொல்வது. தட்டை வைத்துவிட்டு, இது என்ன, எப்படிச் செய்தது, ஏன் இந்த வடிவம் என்று மேசைக்கு மேசை சொல்வேன். சாப்பிட வந்தவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். எனக்கு இதைவிட நல்ல வேலை வேறெங்கும் கிடைத்திருக்காது.

ஏழாவது தட்டுதான் நான் சொன்ன தகடு. தோட்டத்தில் ஸ்டோர் என்கிற கொட்டகையில் ரப்பர்ப் பாலை உறைய வைத்து, உருளைகளுக்கு நடுவில் கொடுத்துப் பிழிந்து, வரிவரியான வெள்ளைத் தகடாக எடுத்துத் தொங்கவிடுவார்கள். எங்கள் சமையற்காரப் பெண் தினேஸ்வரி தேங்காய்ப்பாலில் அதையே செய்தாள். மெல்லியதாக ஊற்றி, உறைய வைத்து, பழைய உருளை ஒன்றின் வரிகளை அதன்மேல் பதிப்பாள். உள்ளங்கை அகலம், நகத்தின் கனம். கறுப்புக் கல்தட்டில் அது கிடக்கும்போது அசல் ரப்பர் ஷீட்டே சுருங்கி வந்த மாதிரி இருக்கும். இரண்டு கையாலும் முழுசாகத் தூக்கி, ஓரத்தைக் கடித்துச் சாப்பிட வேண்டும். முழுசாகத் தூக்க முடிந்தால்தான் அதில் அழகு. உடைந்துவிட்டால் அது வெறும் தேங்காய் ஐஸ்.

அது உடையத் தொடங்கியது. மேசையில் வைத்த சற்று நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். குறுக்கே ஒரு கோடு. தூக்கினால் இரண்டாகும்.

என் பயத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில், கமுந்திங்கில் எங்கள் வீட்டு மின்விசிறி இருட்டில் யாரோ முனகுவது போலச் சத்தம் போடும். அப்பா விளையாட்டாக, அது உன்னைத்தான் கூப்பிடுகிறது என்பார். நான் தூக்கமில்லாமல் கிடந்தேன். ஒரு நாள் யாரும் இல்லாதபோது மேசைமேல் ஏறி விசிறியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு நட்டு தளர்ந்திருந்தது. முடுக்கினேன், சத்தம் நின்றது. பயமும் அந்த நிமிஷமே போய்விட்டது. அன்றிலிருந்து பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். காரணம் தெரியாத எதுவும் என் பக்கத்தில் இருந்தால் கை வியர்க்கும், மூச்சு மேலேயே நின்றுவிடும். பிறர் பாம்பைப் பார்த்தால் எப்படியோ அப்படி. பெரிய ஆளாகியும் அது போகவில்லை.

ஒரு சனிக்கிழமை, கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் தகட்டைத் தூக்கினார். இரண்டாக வந்தது.

"ஏன் தம்பி உடைஞ்சு போச்சு?" என்று கேட்டார். கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. "அப்படித்தான் இருக்கணும், மேடம்" என்று சொன்னேன். அவர் கணவர் அடுத்த மேசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவர் முழுத் தகட்டையும் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "அவங்களுக்கு மட்டும் வேற மாதிரியா லா?" என்று அந்த ஆள் சிரித்தார். நான் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிவாஜினி கண்ணாடித் தடுப்பு வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அவர் கத்த மாட்டார். மெதுவாகச் சொன்னார்: "சுகு, தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க. பொய் சொல்ல வேணாம். இது இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா நான் தகட்ட எடுத்துட்டு வேற எதையாவது வைப்பேன். விளக்கத்துக்கும் மேசையில கார்டு வச்சிடலாம். படிச்சுக்கட்டும்."

கார்டு. நான் நிற்கும் இடத்தில் ஓர் அட்டை. அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம்.

நான் தேடினேன். தினேஸ்வரி தேங்காயை மாற்றிப் பார்த்தாள், கனத்தை மாற்றினாள், கொஞ்சம் சவ்வரிசி மாவு சேர்த்தாள். "அண்ணே, நீங்க என்னோட கை மேலயே கண்ண வச்சிருந்தீங்கன்னா நான்தான் உடைஞ்சிருவேன்" என்பாள். எதுவும் மாறவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. மேசைகள் எல்லாம் நிறையும் நாளில்தான் அதிகம் உடைகிறது. ஆள் குறைந்த நாளில் உடைவதே இல்லை. கூட்டம் வந்தால் தகட்டுக்கு எப்படித் தெரியும்? அதற்குக் காதா இருக்கிறது? இந்தக் கேள்வியோடு நான் நடந்தேன், குளித்தேன், படுத்தேன்.

பிறகு கதவைக் கண்டுபிடித்தேன்.

கடையின் பின்கோடியில் பாத்திரம் கழுவும் இடம். அதை ஒட்டி ஆள் நுழையும் உறைகுளிர் அறை ஒன்று. மீனும் இறைச்சியும் அங்கே இருக்கும். காலையில் வேண்டியதை எடுத்துக்கொண்டால் பிறகு பரிமாறி முடியும்வரை யாருக்கும் அங்கே வேலை இல்லை. தகடுகள் இருப்பது வேறு இடத்தில், தினேஸ்வரியின் கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உறைபெட்டியில். ஆனால் இரண்டுக்கும் குளிர் அனுப்புவது கூரையில் இருக்கும் ஒரே இயந்திரம். ஒரே தொட்டியிலிருந்து இரண்டு குழாய் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயைத் திறந்துவிட்டால் இன்னொன்றில் தண்ணீர் மெலிந்து வரும். அதுபோல, அறையின் கதவு திறந்து கிடந்தால் இயந்திரம் தன் பலத்தையெல்லாம் அங்கே கொட்டும், பெட்டி கொஞ்சம் இளகும், தகடு பலமிழக்கும். அழகான காரணம். எனக்குப் பல நாளுக்குப் பிறகு பசி எடுத்தது.

கதவைத் திறந்து வைத்தவர் பத்துமலை. பாத்திரம் கழுவுகிறவர். காம்பாரிலிருந்து பஸ் ஏறி வருவார். பருத்த உடம்பு, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். கழுவும் இயந்திரம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆவி அவர் முகத்தில் அடிக்கும். கூட்டம் அதிகமான நாளில் அந்த மூலையில் நிற்கவே முடியாது. அதனால் நடுவில் ஒருமுறை அந்த அறைக்குள் போய் மீன் பெட்டிமேல் உட்கார்ந்து கொஞ்சம் ஆறிவிட்டு வருவார். கதவின் உள்பக்கக் கைப்பிடி கெட்டுப்போயிருந்தது. உள்ளே போனவர் கதவு மூடிக்கொண்டால் திறக்க முடியாது. கதவுக்கு வெளியே ஒரு மரக்கட்டை கிடக்கும். உள்ளே போகிறவர்கள் அதைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தது.

நான் அவரிடம் பேசினேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். நான் பொறுமையாகப் பேசினேன். தொட்டி, இரண்டு குழாய் எல்லாம் சொன்னேன். காய்கறிப் பெட்டியின் மூடியில் படம்கூடப் போட்டுக் காட்டினேன்.

அவர் என்னை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார். "என்னா வாத்தியாரே, ஒரு தேங்காப்பாலுக்கு இவ்ளோ பெரிய பாடமா? சரி லா, இனிமே போகல" என்றார்.

இரண்டு நாள் போகவில்லை. அந்த இரண்டு நாளும் ஆள் குறைவு, தகடும் உடையவில்லை. மூன்றாவது நாள் கட்டை மறுபடியும் கதவிடுக்கில் இருந்தது. கேட்டேன்.

"தல சுத்துது வாத்தியாரே. செத்த நேரம்தான். பாஸ் வந்தாலும் பயமில்ல, கையில தட்டு வச்சிருக்கேன் பாரு. கேட்டா, தட்டு அடுக்க வந்தேன்னு சொல்லிருவேன்" என்று சிரித்தார். உண்மைதான். கழுவி முடித்த கறுப்புத் தட்டுகளில் ஓர் அடுக்கைச் சாக்குக்காகக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்திருந்தார். நான் அந்தத் தட்டுகளைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்ததே இல்லை. தீபாவளிக்கு அவர் மனைவி மங்களம் அக்கா செய்து அனுப்பிய முறுக்கை நான்தான் அதிகம் தின்றேன். சிவாஜினியிடம் அவரைப் பற்றிப் புகாரும் சொல்லவில்லை. கைப்பிடியைச் சரிசெய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். கைப்பிடி சரியானால் கட்டை வைக்கத் தேவையில்லை, கதவை மூடிக்கொண்டே அவர் உட்காரலாம், யாருக்கும் கஷ்டமில்லை. பாருங்கள், எல்லோருக்கும் நல்ல வழியை முதலில் சொன்னவன் நான். "செவ்வாய்க்கிழம ஆள் வாறார்" என்றார் சிவாஜினி.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முக்கியமான விருந்து. நாட்டின் நல்ல உணவகங்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போடுகிறவர்கள் பேர் சொல்லாமல் வந்து சாப்பிடப்போகிறார்கள் என்று யாரோ சிவாஜினியிடம் சொல்லியிருந்தார்கள். எந்த மேசை என்று தெரியாது. ஐந்தும் நிறைந்திருந்தன.

நாங்களும் தினமும் பெரட்டு வைப்போம். கடை திறக்குமுன் பின்முற்றத்தில் நிற்போம். சிவாஜினி பெயர் கூப்பிடுவார், "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். கைப்பேசிகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும். வேலை முடிந்து கதவைப் பூட்டுமுன் இன்னொரு பெரட்டு, அப்போதும் "வந்தாச்சு" தான். உள்ளே யாரும் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகவே அந்த இரண்டாவது பெரட்டைக் கொண்டுவந்தார். எங்களுக்குள் அது கொஞ்சம் தளர்ந்துபோனது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் இருப்பார்கள், பக்கத்தில் நிற்கிறவர் குரலை மாற்றி "வந்தாச்சு" என்பார். தோட்டத்துப் பெரட்டிலும் இப்படி ஒருவருக்கு ஒருவர் குரல் கொடுப்பார்களாம். பத்துமலைக்கு அநேகமாக நான்தான் குரல் கொடுப்பேன். காம்பார் பஸ் அவருக்குக் காத்திருக்காது.

அந்த ஞாயிறு காலைப் பெரட்டில் சிவாஜினி என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்குத் தகடு உடைஞ்சா நாளையிலேருந்து மெனுவுல இல்ல."

பத்துமலை பின்னாலிருந்து, "உடைஞ்சா நான் ஒட்டித் தாரேன் பாஸ்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிவாஜினியும் சிரித்தார். என் கை வியர்த்திருந்தது.

நான்காவது தட்டு வரை எல்லாம் நன்றாகப் போனது. தூக்குச்சட்டியைத் திறந்து காட்டி, மூன்று அடுக்கில் ஏன் குழம்பு அடியில் இருக்கும், சூடு எப்படி மேலே ஏறிச் சோற்றைக் காப்பாற்றும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலியான சட்டிகளைப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். கழுவும் இடத்தில் ஆள் இல்லை. அறைக் கதவிடுக்கில் கட்டை இருந்தது. இடுக்கு வழியாகக் குளிர் தரையில் புகையாக வழிந்துகொண்டிருந்தது. உள்ளே அவர் மெதுவாக ஏதோ பாட்டு முணுமுணுப்பது கேட்டது.

எனக்கு ஒரு மத்தியானம் போதும் என்று நினைத்தேன். கதவு மூடியிருந்தால் தகடு உடையாது என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால், பிறகு யார் கேட்டாலும் பதில் சொல்லலாம். அதற்கு ஏழாவது தட்டு வரை கதவு மூடியிருந்தால் போதும்.

கட்டையைக் காலால் நகர்த்தினேன். நான் கதவை மூடவில்லை, ஐயா. அந்தக் கதவின் கீல் சரிவாக வெட்டியது. திறக்கும்போது கதவு சற்று மேலே ஏறும், விட்டால் தன் கனத்திலேயே இறங்கி மூடிக்கொள்ளும். மறந்து திறந்து வைப்பவர்களுக்காக யாரோ யோசித்துச் செய்த வேலை. நல்ல வேலை. கதவு மெதுவாகத்தான் போனது. ரப்பர் விளிம்பு ஒட்டும்போது ஒரு சின்ன முத்தச் சத்தம். பாட்டு நின்றது.

"வாத்தியாரே?" என்று ஒருமுறை கேட்டது, எங்கோ தூரத்திலிருந்து வருவது போல. நான் ஐந்தாவது தட்டுக்கு நேரமாகிவிட்டது என்று முன்னால் போனேன்.

அப்போதிலிருந்து எனக்குப் பயம்தான். எதற்குப் பயந்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். தகடு உடைந்துவிடுமோ என்றுதான். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவரை நினைத்துப் பயந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் தெரிகிறது.

ஐந்தாவது மேசை பின்சுவரை ஒட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அறை. ஆறாவது தட்டுக்கு ரசம் ஊற்றும்போது சுவரில் 'தொம்' என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி 'தொம், தொம்'. அங்கே உட்கார்ந்திருந்த இளம்பெண் ரசக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "அங்கிள், அது என்னா சத்தம்?" என்று கேட்டாள்.

கிண்ணத்திலிருந்த ரசம் வட்டமாக நடுங்குவதைப் பார்த்தேன். சொன்னேன். "கூரை மேல குளிர் இயந்திரம் இருக்கு, மா. அதோட குழாய்ல ஐஸ் படியும். ரொம்ப படிஞ்சா இயந்திரம் அதுவா சூடாகி ஐஸைக் கழட்டி விடும். அது உடைஞ்சு விழுற சத்தம்தான்." அப்படி ஒரு சத்தம் உண்மையிலேயே உண்டு, நான் புனையவில்லை. அவள் முகம் தெளிந்தது. "ஓ, அப்படியா" என்று ரசத்தைக் குடித்தாள். விளக்கம் சொன்னால் பயம் போய்விடும் என்று நான் சொன்னேனே, அதுதான் இது. எனக்கும் கொஞ்ச நேரம் அது ஐஸ் விழும் சத்தமாகத்தான் கேட்டது.

சமையலறையில் தினேஸ்வரி கத்திக்கொண்டிருந்தாள். "பத்து அண்ணே எங்க? தட்டு ஒன்னும் வரல. அலாமாக், நான் எத்தன வேலையதான் பாக்குறது?"

"வயிறு சரியில்லைன்னு சொன்னாரு. வந்துருவாரு" என்றேன்.

அவளே ஓடிப்போய்க் கழுவும் இயந்திரத்திலிருந்து கறுப்புத் தட்டுகளை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து வரிசையாக வைத்தாள். தடித்த கையுறை போட்டுக்கொண்டு உறைபெட்டியிலிருந்து தகடுகளை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் கடையில் தட்டை வெறுங்கையால் தொடக் கூடாது, மடித்த வெள்ளைத் துணியை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் விருந்தாளியின் கண்ணில் படக் கூடாது என்பது சிவாஜினியின் சட்டம்.

முதல் மேசையில் வைத்தேன். வாயைத் திறந்தேன். 'டிக்.'

இரண்டாவது மேசை. 'டிக்.' மூன்றாவது. வழக்கமாகச் சிலது உடையும், சிலது தப்பிக்கும். அன்று கடை முழுவதும் 'டிக், டிக்' என்று கேட்டது, ஓட்டுக்கூரையில் முதல் மழை விழுவது போல. எல்லாம் உடைந்தன. நாற்காலிகளில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சிவாஜினி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. கதவு மூடித்தானே இருக்கிறது. நன்றாக மூடித்தானே இருக்கிறது. பிறகு ஏன்?

சமையலறைக்குள் போனேன். தினேஸ்வரி கையுறையைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த ஒரு தட்டைத் தூக்கப் போய் "ஸ்ஸ்" என்று கையை உதறினாள். "தட்டு சுடுதுண்ணே. துடைக்கிறப்ப மேல ஆறின மாதிரிதான் இருந்துச்சு. பத்து அண்ணே இருந்தா அவரு ஒரு அடுக்க உள்ள கொண்டுபோயி வச்சிருப்பாரு, அது ஜில்லுன்னு வரும்."

நான் துணி இல்லாமல் அந்தத் தட்டின்மேல் உள்ளங்கையை வைத்தேன்.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. எங்களிடம் இருந்த கறுப்புத் தட்டுகள் குறைவு. இரண்டாவது தட்டான மரவள்ளிக்கிழங்குக்கும் ஏழாவதான தகட்டுக்கும் அதே தட்டுதான். ஆள் குறைந்த நாளில் அலமாரியில் ஆறிக் கிடக்கும் தட்டுகளே போதும். கூட்டம் நிறைந்தால் கிழங்குத் தட்டைக் கழுவித்தான் தகட்டுக்கு அனுப்ப வேண்டும். இயந்திரத்திலிருந்து அது கொதித்து வரும். கல் கனமானது, ஈரத்துணி பட்டால் மேல்தோல் ஆறும், உள்ளே சூடு நிற்கும். தகடு உட்கார்ந்த பிறகு அந்தச் சூடு மெல்ல எழும்பி அடியைத் தொடும். அடி விரியும், மேல் விரியாது, 'டிக்.' பத்துமலை சாக்குக்காக உள்ளே கொண்டுபோன தட்டுகள் குளிர்ந்து வரும். அவற்றில் வைத்தவைதான் இத்தனை நாள் உடையாமல் தப்பித்தவை. அவர் கதவைத் திறந்ததால் எதுவும் உடையவில்லை. கூட்டமான நாளில்தான் அவரும் உள்ளே போனார், தகடும் உடைந்தது. நான் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

அப்போதும் பின்னாலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. முன்பைவிட மெதுவாக, நீண்ட இடைவெளி விட்டு. தினேஸ்வரிக்கு இயந்திர இரைச்சலில் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கதவு சில எட்டுத் தூரத்தில்.

நான் முன்னால் போனேன். மேசைகளில் காத்திருந்தார்களே. நடுவில் நின்று ஐந்து மேசைக்கும் சேர்த்துச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன், பிறகு கல்லுக்குள் சூடு எப்படி ஒளிந்திருக்கும், பனித்தகடு ஏன் அடியிலிருந்து உடையும் என்று சொன்னேன். உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்து விளிம்பைப் பார்க்கச் சொன்னேன். ஒரு பெரியவர் தட்டைத் தொட்டுப் பார்த்து, "ஆமா லா" என்றார். சிலர் கைதட்டினார்கள். சிவாஜினிகூடத் தலையாட்டினார். என் கை வியர்க்கவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை இறங்கியது.

திரும்பி வந்தபோது கதவைத் திறந்திருக்கலாம். திறந்தால் அவர் என்னைப் பார்த்து, ஏன் வாத்தியாரே என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் தவறாகிவிட்டது. வேறு பதில் கிடைக்கவில்லை. எட்டாவது தட்டு எடுத்தேன், ஒன்பதாவது எடுத்தேன். கார்களின் கதவைத் திறந்து வழியனுப்பினேன்.

பின்முற்றத்தில் பெரட்டு. வெயில் இன்னும் சுண்ணாம்பு மலைகள்மேல் இருந்தது. சிவாஜினி பெயர் கூப்பிட்டார். "பத்துமலை."

குரலை மாற்றி, "வந்தாச்சு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள், வழக்கம்போல. பிஸ்கட் டின்னில் அவர் கைப்பேசி மட்டும் மிஞ்சியிருந்தது. அதை என் பையில் போட்டுக்கொண்டேன். கதவுகள் பூட்டப்பட்டன. திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை.

பொழுது சாயும்போது அந்தப் பேசி அடித்தது. மங்களம் அக்கா. எடுத்தேன். "அக்கா, அண்ணே போன மறந்து வச்சிட்டாரு. கூட்டாளிங்களோட தைப்பிங் பக்கம் போறதா சொன்னாரு" என்றேன். "மாத்திர எடுத்துக்கிட்டாராப்பா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டார் என்றேன். பேசியை அணைத்தேன். அக்கா நிம்மதியாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை கைப்பிடி சரிசெய்ய ஆள் வந்தார். அவர்தான் திறந்தார். தினேஸ்வரி போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடினோம். பத்துமலை வாசலடியில் உட்கார்ந்திருந்தார், தலை கதவில் சாய்ந்திருந்த வாக்கிலேயே. மேலே போட்டுக்கொள்ள மீன் பெட்டிகளின் அட்டையையெல்லாம் பிரித்திருந்தார். கட்டை வைக்காமலா போனார், இது எப்படி நடந்தது, யாராவது சொல்லுங்களேன் என்று சிவாஜினி அழுதுகொண்டே கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்லாமல் என்னால் நிற்க முடியாது, ஐயா. சரிவான கீலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். அவர்கள் என்னிடமிருந்து ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். நான் சொன்னதில் எது புரியவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தே கதவைத் திறக்காமல் விட்டேன். அவர் பெயருக்கு நான் குரல் கொடுத்தேன். இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவர் கொண்டுபோன தட்டுகள் உள்ளே அலமாரியில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. உங்கள் ஆட்கள் வருமுன் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். சரியான குளிர். சிவாஜினி இப்போது என் குரலைக் கேட்க விரும்ப மாட்டார், அதனால் நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும். தகட்டை மெனுவிலிருந்து எடுக்கத் தேவையில்லை. கழுவிய தட்டை நேரே மேசைக்கு அனுப்பக் கூடாது. நன்றாக ஆறவிட்டு, உறைபெட்டியில் சற்று நேரம் வைத்து, குளிர்ந்த பிறகு தகட்டை வைத்தால் அது உடையாது.